பணயக் கைதியாகப் போய் ராஜாவுக்கு மருமகனானவர்: கூசியின் ஏழாம் ஆங்கெராண், அவர் மனைவிகள், மகள்கள்

பழஞ்சுவடி

மன்ற நண்பர்களே, இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடந்த நூறாண்டுப் போர்க் காலத்துப் பிரெஞ்சுப் பிரபுக்களைப் பற்றிப் படித்துக்கொண்டு வரும்போது இந்த ஒரு ஆளிடம் வந்து நின்றுவிட்டேன். பெயர் ஏழாம் ஆங்கெராண். பாரிஸுக்கு வடகிழக்கே, சுவாசோனுக்கும் லானுக்கும் நடுவில் இருக்கும் கூசி கோட்டையின் பிரபு. பிறந்தது 1340.

1356-ல் புவாத்தியே போரில் பிரெஞ்சு ராஜா இரண்டாம் ஜான் ஆங்கிலேயர் கையில் சிக்கினார். 1360-ல் பிரெத்தினி உடன்படிக்கை. ராஜாவை விட 30 லட்சம் பொற்காசு மீட்புத்தொகை. அந்தப் பணம் வந்து சேரும்வரை இங்கிலாந்தில் ஈடாக இருக்க உயர்குடிப் பிரபுக்கள் சுமார் நாற்பது பேரை அனுப்பினார்கள். அதில் நம் ஆளும் ஒருவர். இதுவரை சரி. ஆனால் 1365 ஜூலை 27 அன்று வின்ட்ஸரில் அவருக்குக் கல்யாணம் நடக்கிறது. மணப்பெண் இசபெல்லா, தன்னைப் பிடித்துவைத்திருக்கும் ஆங்கில ராஜா மூன்றாம் எட்வர்டின் மூத்த மகள். மாப்பிள்ளைக்கு 25, பெண்ணுக்கு 33.

இரண்டு கேள்வி. எட்வர்ட் எதற்காக இதற்குச் சம்மதித்தார்? போர் திரும்பத் தொடங்கியதும் அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று? வலையில் கிடைப்பதெல்லாம் அவருடைய போர்க்களக் கதைகள்தான். எனக்கு வேண்டியது வீட்டுக்குள் நடந்த கதை.

வடக்குவாசல்

முதல் கேள்விக்குப் பெண் பக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். 33 வயது வரை ஒரு ராஜாவின் மூத்த மகள் கல்யாணமாகாமல் இருந்தது அந்தக் காலத்தில் அபூர்வம். முயற்சி இல்லாமல் இல்லை. 1347-ல் ஃபிளாண்டர்ஸின் இளம் கோமகன் லூயி தெ மாலுக்கு அவளை நிச்சயித்தார்கள். அவனுடைய அப்பா முந்தின வருஷம்தான் கிரெசி போரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று செத்தவர். ஃபிளாண்டர்ஸ் நகரத்தார்களுக்கு ஆங்கிலக் கம்பளி இல்லாமல் தறி ஓடாது. அவர்கள்தான் பையனை நெருக்கிச் சம்மதிக்க வைத்தார்கள். கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால், வல்லூறு வைத்து வேட்டையாடப் போன இடத்திலிருந்து அவன் குதிரையைத் தட்டிவிட்டு பிரான்ஸுக்கு ஓடிவிட்டான். அதே வருஷம் பிரபாண்ட் டியூக்கின் மகளைக் கட்டிக்கொண்டான்.

அடுத்தது 1351. காஸ்கனியில் ஆங்கிலேயர் பக்கம் இருந்த ஆல்ப்ரே குடும்பத்துப் பெரார். இந்த முறை கப்பல்கள் தயார், சீர்வரிசை தயார். கிளம்பும் நேரத்தில் இசபெல்லா மனம் மாறித் திரும்பிவிட்டாள். எட்வர்ட் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அப்புறமும் அவளுக்கு மானியமும் நிலமும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

சந்தேகப்பிராணி

இதைக் காதல் கதையாக்கும் ஆட்கள் வரும் முன் ஒரு வார்த்தை. எட்வர்ட் கணக்குப் பார்க்காமல் எதையும் செய்தவர் இல்லை. கல்யாணத்தோடு ஆங்கெராணுக்கு மீட்புத்தொகை இல்லாமலே விடுதலை. 1366-ல் பெட்ஃபர்ட் எர்ல் பட்டம். இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரர் குழுவான கார்ட்டரில் இடம். 1367-ல் சுவாசோன் கோமகன் பட்டம். பாரிஸுக்கு வடக்கே இவ்வளவு பெரிய கோட்டைக்காரன் ஒருவன் ஆங்கில ராஜாவின் மருமகனாக, ஆங்கிலப் பட்டத்தோடு உட்கார்ந்திருந்தால் அடுத்த போரில் யாருக்கு லாபம்? மகளுக்கு மாப்பிள்ளை கிடைத்தது உபரி.

கிளைமரம்

சுவாசோன் கிடைத்த விதம் உங்கள் வாதத்துக்கு இன்னும் வலு. அது எட்வர்டின் நிலமே இல்லை. பணயக் கைதிகளில் இன்னொருவரான கி தெ புளுவாவின் சொத்து. தன் விடுதலைக்கு விலையாக அதை எட்வர்டிடம் எழுதிக்கொடுத்தார். எட்வர்ட் அதை மருமகனிடம் தள்ளிவிட்டார். ஒரு கைதியின் நிலம் இன்னொரு கைதிக்குச் சீதனம்.

அதற்கும் முன்னால் ஒரு சங்கதி உண்டு. கூசி குடும்பத்துக்கு இங்கிலாந்தின் வடக்கே ஏற்கெனவே பரம்பரைச் சொத்து இருந்தது. ஆங்கெராணின் கொள்ளுப்பாட்டி கிறிஸ்தியானா லிண்ட்ஸே, ஸ்காட்லாந்து ராஜா ஜான் பேலியலின் சகோதரி மகள். ஐந்தாம் ஆங்கெராணைக் கட்டிக்கொண்டு வந்தபோது லாங்கஷயர், வெஸ்ட்மர்லாந்து பக்கத்து நிலங்கள் அவளோடு வந்தன. போரில் பறிபோன அவற்றை எட்வர்ட் இந்தக் கைதிக்குக் கல்யாணத்துக்கு முன்பே திருப்பிக் கொடுத்தார். ஆக, வின்ட்ஸர் அரண்மனையில் அவர் வெறும் கைதியாக நடமாடவில்லை. ஆங்கில நிலவுடைமைக்காரரும்கூட.

செங்காந்தள்

எல்லாமே நிலக் கணக்கு என்றால், சந்தேகப்பிராணி ஐயா, 1351-ல் அவளை ஏன் வலுக்கட்டாயமாகக் கப்பலேற்றவில்லை? ஆல்ப்ரே கல்யாணத்திலும் எட்வர்டுக்கு ஆதாயம் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண் துறைமுகத்தில் மாட்டேன் என்று திரும்புகிறாள், அப்பா விட்டுவிடுகிறார். அதன் பிறகு பதினான்கு வருஷம் அவள் தன் கையில் பணம், தன் பெயரில் நிலம் என்று இருக்கிறாள். அந்தக் காலத்தில் எந்த இளவரசிக்கு வாய்த்தது இது? அப்படிப்பட்டவள் 33 வயதில் எட்டு வயது இளைய, பட்டத்தில் தன்னைவிடக் கீழே இருக்கும் ஒரு பிரபுவைக் கட்டிக்கொள்கிறாள் என்றால் அவள் விருப்பம் இல்லாமல் நடந்திருக்காது.

வரலாற்றெழுத்தர் ஃப்ருவாசார் அந்த நாட்களில் இசபெல்லாவின் அம்மா பிலிப்பா ராணியிடம் வேலையில் இருந்தார். ஆடலிலும் பாடலிலும் இளம் கூசிப் பிரபு அரண்மனையையே கவர்ந்தார் என்று எழுதுகிறார். ஐந்து வருஷம் ஒரே அரண்மனை. கணக்கு அப்பாவுடையது, தேர்வு மகளுடையது என்று வைத்துக்கொள்ளலாமே.

இன்னொன்று. கைதிகளில் ஜானின் மகன், ஆஞ்சு டியூக் லூயியும் இருந்தான். அவனுக்குப் புதுசாகக் கல்யாணம் ஆகியிருந்தது. கலேயிலிருந்து வெளியே போய்வரக் கொடுத்த அனுமதியைப் பயன்படுத்தி மனைவியிடம் போனவன் திரும்பவே இல்லை. மகன் வாக்கு தவறிவிட்டான் என்று அப்பா ஜான் ராஜா 1364-ல் தானே லண்டனுக்குத் திரும்பி வந்தார். அதே வருஷம் அங்கேயே இறந்தார். ஒருத்தன் பெண்டாட்டிக்காகச் சிறையை விட்டு ஓடினான், இன்னொருத்தனுக்குச் சிறையிலேயே பெண்டாட்டி கிடைத்தாள்!

பழஞ்சுவடி

பிரமாதம். ஆனால் ஆங்கெராண் பிரபுவானதே எப்படி என்று புரியவில்லை. 1340-ல் பிறந்தவர் சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்துவிட்டாரா?

கிளைமரம்

ஆமாம். அப்பா ஆறாம் ஆங்கெராண் 1346-ல் போரில் இறந்தார். பையனுக்கு ஆறு வயது. அம்மா கத்தரீன், ஹாப்ஸ்பர்க் குடும்பம், ஆஸ்திரிய டியூக் முதலாம் லியோபோல்டின் மகள். அவள் ஒரு ஜெர்மானியப் பிரபுவை மறுமணம் செய்துகொண்டாள். 1349-ல் கொள்ளைநோய் இருவரையும் கொண்டுபோய்விட்டது. ஒன்பது வயதில் அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை.

லியோபோல்டுக்கு மகன் கிடையாது. மகள்களுக்கு அவர் விட்டுப்போன சீதன நிலங்கள் அல்சாஸிலும் ஆர்காவிலும் இருந்தன. ஹாப்ஸ்பர்க் பங்காளிகள் அவற்றைக் கத்தரீனின் பிள்ளைக்குக் கொடுக்கவே இல்லை. அதனால் 1375-ல் ஆங்கெராண் ஒரு பெரிய கூலிப்படையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுச் சொத்தைக் கேட்கக் கிளம்பினார். பிரெஞ்சு ராஜாவுக்கு அதில் சந்தோஷம். போர் ஓய்ந்து வேலையில்லாமல் நாட்டைச் சூறையாடிக்கொண்டிருந்த படைகள் எல்லை தாண்டிப் போகின்றன அல்லவா. அப்போதைய ஹாப்ஸ்பர்க் டியூக் மூன்றாம் லியோபோல்ட் எதிர்த்து நிற்கவில்லை. தன் குடிகளின் பயிர் பச்சையை எல்லாம் தானே கொளுத்திவிட்டுக் கோட்டைக்குள் போய்விட்டார். பட்டினியில் சிதறிய படையை அந்த டிசம்பரில் புட்டிஸ்ஹோல்ஸ், இன்ஸ், ஃபிராவ்புருன்னன் என்ற மூன்று இடங்களில் சுவிஸ்காரர்கள் அடித்தார்கள். சுவிஸ் நாட்டில் இதற்கு குக்லர் போர் என்று பெயர். அம்மாவின் சீதனத்தை வசூலிக்கப் போன ஒரு மகனின் வழக்கு அது என்பதை அங்கேயே பலர் மறந்திருப்பார்கள்.

சந்தேகப்பிராணி

பாருங்கள், மறுபடியும் நிலம். இந்த வீட்டில் பெண் வந்தால் நிலம் வருகிறது, பெண் போனால் நிலம் போகிறது. கூசி வம்சத்தின் பழைய ஆண் வழியே 1311-ல் அற்றுப்போய், கீன் கோமகனைக் கட்டிக்கொண்ட ஆலிஸ் என்ற மகள் வழியாகத்தானே இவர்களுக்குக் கோட்டையே வந்தது? "நான் ராஜா இல்லை, இளவரசன் இல்லை, டியூக்கும் இல்லை, கோமகனும் இல்லை, நான் கூசியின் பிரபு" என்று குடும்பத்துக்கு ஒரு வீர வாசகம் வேறு. நம் ஆள் மாமனார் தயவில் எர்லும் ஆகி, கோமகனும் ஆகி, அந்த வாசகத்தையே பொய்யாக்கிவிட்டார்.

புதுவரவு

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். போர் திரும்ப வந்தபோது அவர் எந்தப் பக்கம் நின்றார்? மாமனார் பக்கமா, சொந்த ராஜா பக்கமா?

வடக்குவாசல்

நல்ல கேள்வி. எந்தப் பக்கமும் நிற்கவில்லை, முடிந்த வரைக்கும். 1369-ல் போர் தொடங்கியதும் இத்தாலிக்குப் போய்விட்டார். மிலானை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த போப்புக்குப் படைத்தலைவர் ஆனார். பிரெஞ்சு ராஜாவும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை, ஆங்கில ராஜாவும் பட்டத்தைப் பறிக்கவில்லை. 1370-ல் பிக்கார்டி வழியாக எரித்துக்கொண்டே போன ஆங்கிலப் படை கூசி நிலத்தைத் தொடாமல் போயிற்று. ராஜாவின் மருமகன் ஊர் அல்லவா. அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் இதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த விளையாட்டு 1377 வரை ஓடியது. அந்த ஜூனில் மூன்றாம் எட்வர்ட் இறந்தார். ஆகஸ்டு 26 தேதியிட்டுப் புது ராஜா இரண்டாம் ரிச்சர்டுக்கு ஒரு கடிதம். தன் இயற்கையான தலைவர் பிரெஞ்சு ராஜாதான், இனி அவருக்கே சேவை என்று எழுதி, இங்கிலாந்தில் தனக்கிருந்த எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து, கார்ட்டர் சின்னத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். மாமனார் உயிரோடிருந்தவரை அவர் முகத்துக்கு நேரே இதைச் செய்யவில்லை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ரிச்சர்ட் அப்போது பத்து வயதுப் பையன். இசபெல்லாவின் அண்ணன் மகன்.

செங்காந்தள்

கடிதம் அழகுதான். ஆனால் அதற்கு விலை கொடுத்தது யார்? இசபெல்லா. அவள் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டாள். இரண்டு மகள்களும் நாட்டுக்கொன்றாகப் பிரிந்தார்கள். மூத்தவள் மரி, 1366-ல் பிறந்தவள், அப்பாவின் வாரிசாக பிரான்ஸில். இளையவள் பிலிப்பா, 1367-ல் எல்தம் அரண்மனையில் பிறந்தவள், அம்மாவோடு இங்கிலாந்தில்.

பிலிப்பாவின் கதை எனக்குத் தாங்கவில்லை. நாலு வயதில் நிச்சயம், ஒன்பது வயதில் கல்யாணம். மாப்பிள்ளை ராபர்ட் டி வீர், ஆக்ஸ்ஃபர்ட் எர்ல், பிற்பாடு ரிச்சர்ட் ராஜாவின் செல்லப்பிள்ளை. ராஜா அவனை அயர்லாந்து டியூக்காகவே ஆக்கினார். அந்த உயரத்துக்குப் போனதும், ரிச்சர்டின் ராணியான ஆன் என்பவளோடு பொஹீமியாவிலிருந்து வந்த ஆக்னெஸ் என்ற தோழிப் பெண்ணுக்காக 1387-ல் பிலிப்பாவைத் தள்ளிவைத்தான். ரோமிலிருந்த போப் ஆறாம் அர்பனிடமிருந்து விலக்கும் வாங்கிக்கொண்டான். பிலிப்பா யார்? எட்வர்டின் பேத்தி, அந்த ராஜாவுக்கே அத்தை மகள்.

அவளுக்காக நின்றது அவனைப் பெற்ற தாய். மாட் சீமாட்டி மகனைச் சபித்துவிட்டு மருமகளைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். இப்படி ஒரு மாமியார்!

சந்தேகப்பிராணி

இதில் நான் உங்கள் பக்கம், சகோதரி. ஆனால் அரசியல் விளைவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராஜாவின் சித்தப்பாக்களுக்கு, குறிப்பாகக் குளொஸ்டர் டியூக் தாமஸுக்கு, டி வீரை ஏற்கெனவே பிடிக்காது. தங்கள் அக்கா மகளை ஒரு வேலைக்காரப் பெண்ணுக்காகத் தள்ளிவைத்தான் என்பது அவமானத்தில் உச்சம். அதே 1387 டிசம்பரில் ராட்கட் பாலத்தில் டி வீரின் படை சிதறியது. தேம்ஸ் நதியைக் கடந்து தப்பி ஓடினான். 1392-ல் லூவன் நகரத்தில் நாடு கடந்தவனாகவே, காட்டுப்பன்றி வேட்டையில் அடிபட்டுச் செத்தான். விலக்கு செல்லாது என்று பிறகு தீர்ப்பு வந்தது. பிலிப்பா கடைசிவரை அயர்லாந்து டியூக்சீமாட்டி என்றே அழைக்கப்பட்டாள்.

வடக்குவாசல்

அப்பா ஏன் தலையிடவில்லை என்று யாராவது கேட்பீர்கள். 1378-லிருந்து இரண்டு போப்புகள். இங்கிலாந்துக்கு ரோமில் அர்பன், பிரான்ஸுக்கு அவிஞ்ஞோனில் கிளெமென்ட். ஆங்கெராண் கிளெமென்டின் ஆள். மகளின் கல்யாணத்தை ரத்து செய்த போப்பை அவர் போப்பாகவே ஏற்றவர் இல்லை. எந்த வாசலில் போய் முறையிடுவார்?

பழஞ்சுவடி

இசபெல்லா இறந்தது எப்போது? நான் பார்த்த ஒரு பட்டியலில் 1379, இன்னொன்றில் 1382.

கிளைமரம்

இரண்டும் புழக்கத்தில் உண்டு. அடக்கம் லண்டன் நியூகேட்டில், பிரான்சிஸ்கன் துறவிகளின் தேவாலயத்தில். எந்தத் தேதியானாலும் ஆங்கெராணின் மறுமணத்துக்கு அதனால் சிக்கல் இல்லை. அது 1386 பிப்ரவரியில்தான். பெண் இன்னொரு இசபெல், லொரேன் டியூக் முதலாம் ஜானின் மகள். மாப்பிள்ளைக்கு 46 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்ணுக்கு அதில் பாதிகூட இருக்காது. ஆண் வாரிசு வேண்டும் என்பதுதான் காரணம், வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பிறந்ததோ மறுபடியும் மகள். அவளுக்கும் இசபெல் என்றே பெயர். வம்சாவளி எழுதுபவர்களின் பாவம். பெர்ஸவால் என்று ஒரு மகன் இருந்தான், ஆனால் மண உறவுக்கு வெளியே பிறந்தவன். கூசி அவனுக்குப் போக வழியில்லை.

மூத்தவள் மரியின் கல்யாணம்தான் எனக்கு இந்தக் குடும்பத்திலேயே ருசியானது. 1380-களில் பார் டியூக்கின் மகன் ஆன்ரியைக் கட்டினாள். ஆன்ரியின் அம்மா இரண்டாம் ஜானின் மகள். அதாவது பிடித்துவைத்தவரின் பேத்திக்கும் புவாத்தியேயில் பிடிபட்டவரின் பேரனுக்கும் கல்யாணம்.

புதுவரவு

ஆண் வாரிசு இல்லாமல் ஆங்கெராண் இறந்ததும் என்ன ஆயிற்று?

வடக்குவாசல்

1396 செப்டம்பர் 25, நிக்கோபோலிஸ். துருக்கி சுல்தான் பயஜித்தை எதிர்த்துப் போன சிலுவைப் படை. பர்கண்டி டியூக்கின் மகன் ஜானுக்கு ஆலோசனை சொல்ல ஆங்கெராணை அனுப்பியிருந்தார்கள். இளைஞர்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. போருக்குப் பிறகு கைதானார். இருபது வயதில் கைதியாகப் போனபோது கல்யாணம் வாய்த்தது. இந்த முறை மீட்புத்தொகை போய்ச்சேரும் முன்பே, 1397 பிப்ரவரி 18 அன்று பூர்சா நகரில் உயிர் போயிற்று. மருமகன் ஆன்ரி தெ பாரும் அதே போருக்குப் போனவர். அதே வருஷம் இறந்தார். மரிக்கு ஒரே ஆண்டில் அப்பாவும் போனார், புருஷனும் போனார்.

உடனே சித்தியோடு வழக்கு. இளம் விதவை தனக்கும் தன் மகளுக்கும் பங்கு கேட்டாள். இந்த இழுபறிக்கு நடுவில் பிரெஞ்சு ராஜாவின் தம்பி, ஓர்லியான் டியூக் லூயி வந்து விலை பேசினார். 1400 நவம்பரில் மரி கூசியை அவருக்கு விற்றாள். விலை 4,00,000 லிவர் என்ற பிரெஞ்சு நாணயம்.

செங்காந்தள்

விற்றாள் என்பதைவிட விற்க வைத்தார்கள் என்பது சரியாக இருக்கும். கைம்பெண் ஒருத்தி, எதிரே வழக்கு, வாங்க வருபவர் ராஜாவின் தம்பி. ஐந்து வருஷத்தில், 1405-ல், அவளும் திடீரென்று இறந்துபோனாள்.

சந்தேகப்பிராணி

அங்கேயும் ஒரு பக்கம் இருக்கிறது. பார் என்பது பாதி பிரெஞ்சு, பாதி ஜெர்மானியப் பேரரசு என்று இரண்டு பக்கமும் கால் வைத்த நாடு. பாரிஸுக்கு இவ்வளவு அருகில், 54 மீட்டர் உயரக் கோபுரம் வைத்த கோட்டை அந்தக் குடும்பத்துக்குப் போவதை அரண்மனை விரும்பியிருக்காது. (அந்தக் கோபுரத்தை 1917 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தகர்த்தது. இப்போது போனால் கற்குவியல்தான்.)

வழக்கின் முடிவும் சுவையானது. 1408-ல் பாரிஸ் உயர் நீதிமன்றம் கூசி, மார்ல், லா ஃபேர் ஆகியவற்றில் பாதி இளைய மகள் இசபெல்லுக்கு என்று தீர்ப்பளித்தது. அதற்கு முந்தின வருஷம்தான் ஓர்லியான் லூயியை பர்கண்டியின் ஜான் பாரிஸ் தெருவில் ஆள் வைத்துக் கொன்றிருந்தார். 1409-ல் இசபெல் யாரைக் கட்டினாள்? அந்த ஜானின் தம்பி, நெவேர் கோமகன் பிலிப்பை. ஓர்லியான் குடும்பம் காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் பாதிக்கு, கொலை செய்தவரின் தம்பி சொந்தம் கொண்டாட வந்துவிட்டார். இதையும் காதல் என்பீர்களா?

செங்காந்தள்

இல்லை ஐயா, இதை நானே சொல்ல மாட்டேன். 1411-ல் இசபெல் இறந்துபோனாள். அதே 1411-ல்தான் இங்கிலாந்தில் பிலிப்பாவும். மூன்று மகள்களில் வம்சம் தொடர்ந்தது மரி வழியாக மட்டும்.

கிளைமரம்

மரியின் மகன் ராபர்ட், மார்ல் கோமகன், சுவாசோன் கோமகன். 1415-ல் அஜின்கோர் போரில் பிரெஞ்சுப் பக்கம் நின்று செத்தார். மூன்றாம் எட்வர்ட், இசபெல்லா, மரி, ராபர்ட் என்று எண்ணுங்கள். அப்புறம் எட்வர்ட், காண்டின் ஜான், நான்காம் ஹென்றி, ஐந்தாம் ஹென்றி. எதிரே நின்ற ஆங்கில ராஜாவும் ராபர்ட்டும் ஒரே கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுப்பேரன்கள். பர்கண்டியின் பிலிப், அதாவது இசபெல்லின் கணவர், அவரும் அதே களத்தில் இறந்தார். கூசி வழக்கின் இரண்டு தரப்பும் ஒரே நாளில் காலி.

ராபர்ட்டின் மகள் ஜான் தெ பார். அவள் கணவர் சேன்-போல் கோமகன், லக்ஸம்பர்கின் லூயி. அவர்கள் மகன் பியேர், பியேரின் மகள் மரி. அந்த மரி 1487-ல் பூர்போன் குடும்பத்து வான்தோம் கோமகன் ஃபிரான்சுவாவைக் கட்டினாள். மகன் சார்ல், பேரன் அந்துவான், கொள்ளுப்பேரன் பிரான்ஸின் நான்காம் ஆன்ரி. பூர்போன் ராஜாக்கள் எல்லோரும் வின்ட்ஸரில் நடந்த அந்தக் கல்யாணத்தின் சந்ததி.

புதுவரவு

அப்படியானால் பதினான்காம் லூயியும்?

கிளைமரம்

ஆன்ரியின் பேரன்தானே அவர். ஆம்.

வடக்குவாசல்

நடுவில் வந்த லக்ஸம்பர்கின் லூயியைச் சும்மா தாண்டிவிடாதீர்கள். பிரான்ஸின் படைத்தலைவராக இருந்துகொண்டே, ஒரு பக்கம் பர்கண்டியோடும் இன்னொரு பக்கம் இங்கிலாந்தின் நான்காம் எட்வர்டோடும் ரகசியமாகப் பேசிக்கொண்டிருந்தார். மனைவியின் கொள்ளுத்தாத்தா ஆங்கெராண் செய்த அதே வேலை. ஆனால் ஆங்கெராணுக்கு இரண்டு ராஜாக்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இவருக்கு வாய்த்தது பிரெஞ்சு ராஜா பதினோராம் லூயி. 1475 டிசம்பரில் பாரிஸ் கிரேவ் சதுக்கத்தில் தலையை வெட்டினார்கள். பழஞ்சுவடி, அடுத்த இழை இவருக்குத் திறங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.